பொன்னுத்தாயின் கண்ணாடி

ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சூப்பர்வைசர். பெண்கள் கிள்ளிவரும் கொழுந்தை எடை போட்டு எழுதுவது என் வேலை. என் மனைவி பொன்னுத்தாயும் அந்த வரிசையில்தான் நிற்பாள். அவளுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, அவள் முறை வந்தால் நான் தலையையே தூக்க மாட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அன்று அவள் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டியபோது, பின்னால் நின்ற சாந்தி கேட்டாள்: "அண்ணே, அக்காவுக்குக் கண்ணாடி எப்படி இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

நிமிர்ந்தேன். பொன்னுத்தாய் கண்ணாடி போட்டிருந்தாள். அதன் ஒரு பக்கம் உடைந்து நூலால் கட்டியிருந்தது. அதை நான் அப்போதுதான் பார்க்கிறேன்.

"அவரு அன்னைக்கே நல்லாருக்குன்னு சொல்லிட்டாருடி" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "எப்ப வாங்குன?"

"ரெண்டு மாசமாச்சு. கண்ணு காட்டணும், கூட வாங்கன்னு கூப்பிட்டேன்ல? ரிட்டயர் ஆகட்டும், எங்க வேணாலும் போவோம்னீங்க."

இரண்டு மாதம். வீட்டிலும் என் கண் போனில், மறுநாள் வேலையில்தான் இருந்திருக்கிறது.

ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கொழுந்து குவிகிற சீசன் என்றும் பார்க்காமல் இருவருக்கும் லீவு கேட்டு வாங்கினேன். குட்டிக்கானம் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"நல்லாருக்கு" என்றேன்.

"எது?"

"கண்ணாடி."

அவள் அதைக் கழற்றி முந்தானையால் வெகுநேரம் துடைத்தாள்.

அத்தனை பேர் முன்னால் எனக்காக அவள் சொன்ன பொய்யை அன்றுதான் உண்மையாக்கினேன்.