பதினோராம் குழாய்

கடல் போய்விட்ட ஊரில் கடலை ஆராய்வதுதான் எங்கள் நூகுஸ் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் பிழைப்பு. ஆராய்ச்சி மாணவி சர்பிநாஸின் தாத்தா முய்னாக் துறைமுகத்தில் வலை வீசிய இடம் இப்போது வெறும் உப்புத் தரை. அங்கே பதினொரு இரும்புக் குழாய்களை இறக்கி, நிலத்தடி நீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்கிறது என்று மாதாமாதம் அளந்தாள் அவள். நாடாவின் முனையில் சின்ன இரும்புக் கிண்ணம்; தண்ணீரைத் தொட்டதும் ‘டுப்’ என்னும். குழாய்க்கு மூன்று தடவை அளந்து பென்சிலால் எழுத வேண்டும். அங்கே அடிக்கும் காற்றில் ஒருமுறை ஒட்டகம் இங்கேயும் அதன் நிழல் அடுத்த மாவட்டத்திலுமாகக் கிடந்தன. நானே பார்த்தேன்.

பன்னிரண்டு மாத அளவு விடாமல் இருந்தால்தான் ஆய்வேட்டை ஏற்பார்கள். ஒரு குழாயின் ஒரு மாத அளவு விட்டுப்போனாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். மே மாதத்தோடு சர்பிநாஸுக்குப் பன்னிரண்டு முடிகிறது.

ஆராய்ச்சி மாணவியிடம் ஓர் இளங்கலைப் பிள்ளையைக் கட்டிவிடுவது எங்கள் துறையின் வழக்கம். இவளுக்கு வாய்த்தவள் உல்போசின். ‘மகன் பிறக்கட்டும்’ என்று பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர், அடுத்ததும் மகள்தான். ஏப்ரலில் சர்பிநாஸ் காய்ச்சலில் கிடந்ததால், ஓட்டுநர் தவ்லெத்தோடு உல்போசின் தனியாகப் போய் அளந்து வந்தாள்.

மே மாதம் மூவருமாகப் போகையில், சர்பிநாஸ் வண்டியிலேயே ஏட்டைப் புரட்டினாள்.

“ஏண்டி, ஏப்ரல்ல பதினோராம் குழாய்ல மூணு தடவையும் மூணு புள்ளி நாலு ஏழா?”

“ஆமாக்கா.”

“இத்தனை மாசத்துல எனக்கு ஒரு தடவகூட அப்படி வந்ததில்ல. அளந்தியா, ஜோசியம் பாத்தியா?”

தவ்லெத் சிரித்தார். “இந்தப் புள்ள மூடியத் தொறந்துச்சு, ஓடிவந்து வண்டில ஏறிக்கிச்சு. அவ்ளோதாம்மா அளந்தது!”

உல்போசின் அழுதுவிட்டாள். “அது மூச்சு விட்டுச்சுக்கா.”

“காத்தழுத்தம் மாறினா எல்லாக் குழாயும்தான் மூச்சு விடும். முதல் வருஷப் பாடம்டி இது!”

“வெளையாட்டா ‘எத்தனை மீட்டரு?’ன்னு கேட்டேன்க்கா. சொல்லிச்சு. எழுதிட்டேன்.”

நட்டநடுப் பகல். அன்று பார்த்துக் காற்றே இல்லை. ஒரு பறவை இல்லை. சர்பிநாஸ் பதினோராம் குழாயில் நாடாவை இறக்கினாள். டுப். 3.47. மறுபடி 3.47. மூன்றாவது தடவை உல்போசினை இறக்கச் சொன்னாள். நாடா ஆடியது, எண் ஆடவில்லை.

“அப்போ நான் எழுதினது சரிதானேக்கா? விட்டுடலாமே.”

“சரியாவே இருக்கட்டும். நீ அளக்கலயே.”

ஏப்ரலின் மேல் ஒரே கோடு. பதினொரு மாத உழைப்பு போயிற்று.

“என்னை ரெண்டு அடி அடிச்சுடுக்கா.”

“அடிச்சா ஏப்ரல் திரும்பி வருமா? நாடாவச் சுத்து.”

மே மாதத்தையே முதலாவதாக வைத்து இன்னொரு பன்னிரண்டு மாதம் அளந்தாள். அடுத்த கோடையில் வாய்மொழித் தேர்வுக்குத் தாஷ்கெண்டிலிருந்து தேர்வாளர் ஹோல்மதோவ் வந்தார். அந்த மே மாதத்தின் பதினோராம் குழாய் அளவின் மேல் விரலை வைத்தார்.

“மூணும் ஒரே எண்ணா? இது வீட்ல உக்காந்து எழுதினது. அடிச்சுடும்மா. மிச்சப் பதினோரு மாசமே போதும், இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

பின்வரிசையில் உல்போசின் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அளந்தத அடிக்க மாட்டேன் ஐயா,” என்றாள் சர்பிநாஸ். “சந்தேகம்னா வந்து அளந்து பாருங்க.”

வீம்புக்காரர். கறுப்புக் கோட்டோடே கிளம்பிவிட்டார். “யாரும் பக்கத்துல வரக்கூடாது!” என்று சொல்லிவிட்டு நாடாவோடு பதினோராம் குழாயிடம் போனார். வண்டியருகே நின்ற இவர்களுக்கு மூன்று ‘டுப்’பும் கேட்டன. பிறகு அவர் முட்டி போட்டார். குழாயில் காதை வைத்தார். தவ்லெத் தேநீர் ஆற்றி, குடித்து, அடுத்த கிண்ணமும் ஊற்றிவிட்டார், தேர்வாளர் எழுந்திருக்கவில்லை.

ஒருவழியாகத் திரும்பி வந்தார். காதைச் சுற்றி வெள்ளை வளையமாக உப்பு. வண்டியின் முன்மூடியில் ஆய்வேட்டை வைத்து, மே மாதத்தைத் தொடாமல் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். சர்பிநாஸ் முனைவரானாள்.

“எவ்ளோ ஐயா வந்துச்சு?” என்று கேட்டாள் உல்போசின்.

“வண்டிய எடுக்கச் சொல்லும்மா,” என்றார் அவர். “கண்ணாடியெல்லாம் ஏத்திக்கோங்க.”