ராணியின் கொண்டையில் பென்சில்

வெள்ளைக்காரன் காலம். அம்பத்தூர் ஏரிக்கரையில் படம் பிடித்தார்கள். மேனாம்பேட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த எனக்குக் காவல்காரன் வேஷம். ராணியாக நடித்த அம்மாதான் வசனமும் எழுதினார். படத்தின் முதலாளி அவர் புருஷன். அம்மாவுக்கு ஒல்லி உடம்பு, கணீரென்ற குரல். எழுதி முடித்தால் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொள்வார்.

“மகாராணி, பகைவர் வருகின்றனர்” என்று நான் சொல்ல வேண்டும். கேமரா ஓடியதும் என் வாயில் வந்ததோ, “அம்மா, வந்துகினு கீறானுங்கோ!”

எல்லோரும் சிரித்தார்கள். “பிலிம் போச்சு! இவனை அனுப்புங்க!” என்று முதலாளி கத்தினார்.

அந்த அம்மா பென்சிலை உருவினார். “பதறி ஓடி வர்றவன் இப்படித்தான் பேசுவான். நான் எழுதினதுதான் தப்பு.” தன் வரியை அடித்துவிட்டு என் வார்த்தையை எழுதினார்.

“நீ நடிக்க வந்தியா, எழுத வந்தியா?” என்று அம்மாவிடம் கேட்டார் முதலாளி.

“ரெண்டுக்கும்தான். கேமராவை ஓட்டச் சொல்லுங்க.”

பழக்க தோஷத்தில் பென்சில் கொண்டைக்குப் போனது. யாரும் கவனிக்கவில்லை.

பூந்தமல்லி டென்ட் கொட்டகையில் அந்தக் காட்சி வந்தபோது பக்கத்திலிருந்தவன் கேட்டான்: “இன்னா மாமே, ராணி தலையில குச்சி கீது?”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “குச்சி இல்லடா. அதான் செங்கோலு.”