இங்கு பிரெஞ்சு பேசப்படும்

சலீம் நானா இறந்துவிட்டார்.

கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் செவ்விளநீர் விற்ற அதே சலீம் நானா. தள்ளுவண்டியில் பிரெஞ்சு போர்ட் ஒன்று தொங்குமே... அவர்தான்.

நேற்றுப் பின்னேரம் டியூஷன் விட்டு வரும்போது ஜெசிந்தா சைக்கிளை நிறுத்திச் சொன்னாள்.

"ஏய், தெரியுமோ? சலீம் நானா விடியப்புறம் மோசம் போயிட்டாராம். நெஞ்சு நோவாம்."

"இப்ப போனா முகம் பாக்கலாமோ?"

"இல்லையடி. பகல் தொழுகையோட கிண்ணியாவில அடக்கியும் போட்டினமாம்."

நாங்கள் வகுப்பில் வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது.

அவரைத் தெரியாத நண்பர்களுக்காக எழுதுகிறேன். நானும் ஜெசிந்தாவும் உயர்தரப் பரீட்சைக்குப் பிரெஞ்சு படிக்கிறோம். வாசிப்பு, எழுத்து, இலக்கணம் எதிலும் எனக்குப் பயம் இல்லை. ஆனால் பேச வாய் திறந்தால் வெறும் காற்றுத்தான் வரும்.

அடுத்த மாதம் கொழும்பில் எங்களுக்கு வாய்மொழிப் பரீட்சை. அதில் தவறினால் எழுத்தில் எடுத்த புள்ளிகளால் ஒரு பயனும் இல்லை.

"டூரிஸ்ட்டைப் பிடிச்சுக் கதைப்பம்" என்பது ஜெசிந்தாவின் ஐடியா. ஆனால் டூரிஸ்ட் ஓர் இடத்தில் நிற்க வேண்டுமே. அந்த வெயிலில் கோயிலுக்கு ஏறி இறங்கி வருபவர்கள் கட்டாயம் நிற்கிற இடம் ஒன்றுதான்... சலீம் நானாவின் வண்டி.

முதல் நாளே ஏச்சு வாங்கினோம்.

"என்னா புள்ளைகள், குடிக்க வந்த மனிசரப் புடிச்சி விசாரிக்கிறீங்க? பொலிசா நீங்க?"

பிறகு அவரே ஒரு சட்டம் போட்டார். ஆள் இளநீர் குடிக்கும்வரை நாங்கள் வாய் திறக்கக் கூடாது. குடித்து முடிந்ததும் நானா காயைப் பிளந்து, மட்டையில் ஒரு சீவல் எடுத்துக் கரண்டியாகக் கொடுப்பார். குடித்தவர் உள்ளே இருக்கும் வழுக்கையைச் சுரண்டிச் சாப்பிடுகிற நேரம் மட்டும் எங்களுடையது. வழுக்கை முடிந்தால் கதையும் முடிய வேண்டும்.

"விருந்தாளிய மறிச்சி வைக்க ஏலாது, புள்ள."

அதனால் எந்தக் காயை வெட்டுவது என்பதை, கதைக்கப் போகிற பிள்ளையைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். ஜெசிந்தா என்றால் தடித்த வழுக்கை. நான் என்றால் பாலாடை மாதிரி ஒரு படலம் உள்ள இளங்காய். பெயரும் ஊரும் கேட்பதற்குள் முடிந்துவிடும். எனக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் என்னுடைய காய்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு நாள் லியோனில் இருந்து வந்த ஒரு மேடம் சுரண்டுகிறார், சுரண்டுகிறார்... முடியவே இல்லை. பாடப்புத்தகத்தில் இருந்த கேள்விகள் எல்லாம் தீர்ந்துவிட்டன.

"என்ன நானா, தேங்காயையே குடுத்திட்டீங்கள்!"

அவர் என்னைப் பார்க்காமல், குடித்துப் போட்ட இளநீர்க் கோம்பையைத் தின்னக் காத்து நின்ற கோட்டை மானைத் துரத்துகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பினார்.

"கேளுங்க புள்ள. அவங்க திண்டு முடிய இன்னும் நேரம் இரிக்கி."

அன்றுதான் முதல் தடவையாக, புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். உங்கள் ஊரில் கடல் இருக்கிறதா என்று. இல்லையாம். ஆனால் இரண்டு ஆறுகள் இருக்கின்றனவாம்.

நானாவுக்கு இதில் வியாபாரமும் இருந்தது. "நீங்க நிண்டா ஒரு ஆள் ரெண்டு குடிக்கிறாங்க" என்று அவரே வெளிப்படையாகச் சொல்வார். அந்த போர்ட்டை எழுதச் சொன்னதும் அவர்தான். நாங்கள் காட்போர்ட்டில் அழகாக, பிரெஞ்சில், 'இங்கு பிரெஞ்சு பேசப்படும்' என்று எழுதித் தொங்கவிட்டோம்.

பாடசாலை விட்ட பிறகு மட்டும் என்று எழுத மறந்துவிட்டோம்.

காலையில் வந்தவர்கள் எல்லாரும் நானாவிடமே பிரெஞ்சில் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

"ஐயோ, அப்ப என்ன செய்தனீங்கள்?"

"நானும் கதைச்சன்."

"எந்த மொழியில?"

"தமிழ்லதான். அவங்க கேட்டாங்க, நான் சொன்னன். ஒருத்தரும் கோவிச்சிட்டுப் போகல்ல."

"போர்ட்டைக் கழட்டுவமோ?"

"ஏன்? நல்லாத்தானே போகுது."

ஒரு சனிக்கிழமை நானே பார்த்தேன். ஒரு பிரெஞ்சுத் தாத்தா முழங்காலைத் தடவித் தடவி ஏதோ சொல்ல, நானா என்ன எண்ணெய் பூச வேண்டும் என்று தமிழில் விளக்கினார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். கையில் புத்தகத்தோடு நின்ற எனக்குப் பொறாமையாக இருந்தது.

இன்று பின்னேரம் தனியாகப் போனேன். வண்டியை நீலப் படங்கு போட்டு மூடிக் கட்டியிருந்தார்கள். போர்ட் மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வெளிநாட்டுப் பெண்ணும் அவரது கணவரும் அதை வாசித்துவிட்டுச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் பேசாமல் கடந்து போயிருக்கலாம். ஜெசிந்தாவும் இல்லை. ஆனால் போர்ட்டில் எங்கள் கையெழுத்து அல்லவா...

கிட்டப் போய், இந்த வண்டிக்காரர் நேற்று இறந்துவிட்டார் என்று பிரெஞ்சில் சொன்னேன்.

அந்தப் பெண் போர்ட்டை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார்.

சொன்னேன். வழுக்கைச் சட்டத்தை, முழங்கால் எண்ணெயை, மான்களை... எல்லாவற்றையும் சொன்னேன். சொல் வராத இடத்தில் கையால் காட்டினேன். "பொலிசா நீங்க" என்ற இடத்தில் இரண்டு பேரும் சரியாகச் சிரித்தார்கள். அப்போதுதான் நான் சொல்வது விளங்குகிறது என்று எனக்கே விளங்கியது.

புத்தகத்தைப் பையில் இருந்து எடுக்கவே இல்லை. கொழும்புப் பரீட்சைக்கும் அப்படித்தான் போகப்போகிறேன்.

நானா, இன்றைக்கு இளநீரும் இல்லை, வழுக்கையும் இல்லை. உங்கள் விருந்தாளிகளை நன்றாக மறித்துத்தான் வைத்துவிட்டேன். ஏசாதீர்கள்.

போய் வாருங்கள்.