அத்தானின் கைக்கு ஒரு மௌஸ்

வயரில்லாத மௌஸ் ஒன்றை எப்படிச் சோதித்து வாங்குவது என்று யாராவது கேட்டால் நான் அரை மணித்தியாலம் நிறுத்தாமல் பேசுவேன். கேட்காதவர்களிடமும் பேசியிருக்கிறேன். கணினிப் பொறியியல் படிக்கிறவள், எதையும் அளந்து பார்க்காமல் கையில் எடுக்கமாட்டாள் என்று வீட்டில் எனக்குப் பெயர். அம்மா புதிய மிக்ஸி வாங்கியபோது அது போடும் சத்தத்தைக் கைபேசியில் அளந்து முடித்த பிறகுதான் சம்பல் அரைக்க விட்டேன்.

ஆகவே அத்தானுக்கு ஒரு மௌஸ் தேவை என்று வந்தபோது, அந்த வேலையை வேறு ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண அல்பங்கள் செய்துகொண்டிருந்தவர். அக்கா ஸ்பொன்சர் செய்து இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்துக்குக் கூப்பிட்ட பிறகு, பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்டில் இருவரும் குடியிருந்தார்கள். வந்த நாள் முதல் எட்டு மாதம் அவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அதைப் பற்றி ஒரு நாளும் முறைப்பட்டதில்லை. ஆனால் யாருடைய கல்யாணப் படத்தைக் கண்டாலும் இரண்டு விரலால் பெரிதாக்கி, மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் தெரியும் மின்விசிறியை அழிக்க முடியாமல் தவிப்பார்.

ஒரு சனிக்கிழமை, செயின்ட்-மிஷேலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தமிழர் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, ஒரு கல்யாண வீட்டுப் படங்கள் முழுவதையும் டிரைவில் போட்டுக் கொடுத்தார். நாற்பது பக்க அல்பம். அடுத்த சனிக்கிழமை முடித்துக் கொண்டு போகவேண்டும். பிடித்தால் அங்கேயே வேலை. அன்று அத்தான் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து அக்காவிடம் செய்தியைச் சொன்னார். அம்மா நிலத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தேத்தண்ணி ஊற்றப் போனாள். எங்கள் வீட்டில் சப்பாத்தோடு குசினிக்குள் வந்து தப்பியவர் அவர் ஒருவர்தான்.

"லப்டொப் என்ரையை எடுங்கோ. மௌஸ் மட்டும் நான் பாத்துத் தாறன்" என்றேன்.

"கடையில கிடக்கிறது ஒண்டை எடுத்தாப் போதும் மச்சாள்."

"கடையில கிடக்கிறது ஒண்டோ? எத்தினை வகை இருக்குத் தெரியுமே?"

"தெரியாது. நீர் சொல்லாமல் விடவும் மாட்டீர்" என்றார் அத்தான். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடமாட்டார். மச்சாள்தான், அதுவும் பாதிப் பகிடியோடு.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மௌஸ்களை வாங்கி வந்தேன். பிடிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம். அம்மா மா நிறுக்கும் தராசில் ஐந்தையும் நிறுத்தேன். சாப்பாட்டு மேசையில் விரிப்புக்கு மேல் போட்டிருக்கும் பளபளப்பான பிளாஸ்டிக்கில் ஓட்டினேன். இரண்டு அங்கேயே தவளை மாதிரிக் குதிக்கத் தொடங்கின. இஸ்திரி மேசையில், என் ஜீன்ஸின் மேல், ரொக்ஸ்பரோ பஸ்ஸில் மடியில் வைத்த புத்தகத்தின் மேல் ஓட்டிப் பார்த்தேன். பொத்தானை அழுத்தும் சத்தம், சில்லு சுழலும் இறுக்கம், கணினியில் செருகும் சின்னத் துண்டு தொலையாமல் இருக்க அடியில் இடம் உண்டா என்பது, எல்லாவற்றுக்கும் புள்ளி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு மஞ்சள் கடதாசித் துண்டில் என் தீர்ப்பு.

கடைசியில் அத்தானிடம் போய், "கையைத் தாருங்கோ" என்றேன்.

அவர் கையை நீட்டினார். நடுவிரலின் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அடிமட்டத்தால் அளந்தேன்.

"சாத்திரம் பாக்கிறீரோ?"

"அளவு பாக்கிறன். ஆடாமல் இருங்கோ."

வென்றது ஐந்திலும் அழகானது. பெருவிரல் போய்ப் படுக்க ஒரு குழி, உள்ளங்கைக்கு ஒரு மேடு, பக்கத்தில் இரண்டு பொத்தான்கள், சத்தமே இல்லாத அழுத்தல். தோற்றுப்போனவற்றில் கடைசி, தட்டையான கறுப்பு மௌஸ் ஒன்று. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி, சவர்க்காரக் கட்டியைப் போல. அதன் துண்டில் "வடிவமே இல்லை" என்று எழுதினேன்.

"நல்லாயிருக்கோ அத்தான்?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தத் 'தான்' எனக்குக் கேட்டிருக்கவேண்டும்.

அவர் உணவகத்தில் ஒரு கிழமை லீவு எடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை நான் எட்டிப் பார்த்தபோது மூன்று பக்கம் முடிந்திருந்தது. புதன் பின்னேரம் ஆறு. மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியைச் சுற்றிக் கோடு இழுக்க அவர் திணறுவதை நானே பார்த்தேன். திரையில் மௌஸின் அம்பு போகவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடியும் தாண்டியது. ஊரில் இரண்டு நாளில் ஒரு அல்பம் முடிப்பேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். வேலையால் வந்த அக்கா மேல்படியில் நின்று, "முடிப்பாரோடி?" என்று மெதுவாகக் கேட்டாள். கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், நாள் முழுக்கப் பிள்ளைகளோடு நின்று களைத்த முகம். "முடிப்பார்" என்றேன். ஆனால் மனதுக்குள் வேறு ஒன்று ஓடியது. ஊரில் செய்ததைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாரோ? அப்படி நினைத்ததை இன்றைக்கும் நான் அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

வியாழன் காலை வகுப்புக்குப் போகிற வழியில் மற்ற நாலு மௌஸ்களையும் கடையில் திருப்பிக் கொடுத்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினியில் புறுபுறுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி ரெண்டு நாளா மத்தியானச் சாப்பாட்டைத் தொடுறாரில்லை. பேந்து சாப்பிடுறன் மாமி எண்டுறார். பின்னேரம் போய்ப் பாத்தா புட்டு கல்லு மாதிரிக் கிடக்கு. என்ரை கறி பிடிக்கேல்லையோ தெரியாது."

"இண்டைக்கு?"

"இண்டைக்கு நான் விடேல்லை. மேசையில வைச்சு, ஆற முதல் சாப்பிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். இந்தா, தண்ணியைக் கொண்டுபோய்க் குடு."

காலுறையோடு படியிறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

அத்தானின் வலக்கை புட்டுக்குள் இருந்தது. குழம்பைப் பிசைந்து, உருட்டி, வாய்க்குக் கொண்டுபோனது. அதே நேரம் இடக்கை மௌஸை ஓட்டிக்கொண்டிருந்தது. நான் அளந்து தேர்ந்தெடுத்த அந்த அழகான மௌஸ், இடக்கைக்குள் பொருந்தாமல் கோணலாகக் கிடந்தது. பெருவிரலுக்கு வைத்த குழி அந்தரத்தில், சின்னவிரலுக்குப் பக்கத்தில். பெருவிரல் போக இடமில்லாமல் மேடையின் விளிம்பில் நிற்பவனைப் போலத் தொங்கியது. அப்படியிருந்தும் திரையில் அம்பு ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. நெற்றிச்சுட்டியின் ஒவ்வொரு கல்லையும் தொட்டு அது வளைந்து போனதை வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். இடக்கை சட்டென்று மௌஸை விட்டது.

"சத்தம் போட்டெல்லோ படியிறங்கிறனீர். இண்டைக்கு என்ன கள்ளர் மாதிரி?"

"அத்தான், நீங்கள் இடக்கைக்காரரோ?"

"இல்லையே. எழுதிறது, வெட்டுறது எல்லாம் வலக்கையாலதான்."

"அப்ப உது?"

புட்டுப் பூசிய வலக்கையை உயர்த்திக் காட்டினார். "இதுக்கு வேலை இருக்கெல்லே."

பிறகு சொன்னார். யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவில் ஒரே ஒரு கணினிதான். கல்யாண மாதங்களில் வாசலில் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். எழுந்து போய்ச் சாப்பிட நேரமில்லை. சோற்றுப் பார்சலை மேசையில் விரித்துவிட்டு, வலக்கையால் சாப்பிட்டபடி இடக்கையால் படங்களைத் திருத்தப் பழகினார். இரண்டு மூன்று வருடத்தில் சாப்பாடு இல்லாத நேரத்திலும் மௌஸ் இடப்பக்கத்திலேயே நின்றுவிட்டது. வலக்கை அந்த வேலையை மறந்துபோனது.

"மௌஸில ஒரு நாளும் ஒரு பருக்கை பட்டதில்லை" என்றார், கொஞ்சம் பெருமையாக.

"ஏன் முதலே சொல்லேல்லை? கையைத் தாங்கோ எண்டு கேக்கேக்க வலக்கையைத்தானே தந்தனீங்கள்."

"கையைத் தா எண்டு கேட்டா ஆராவது இடக்கையை நீட்டுவினமே?"

என் பட்டியலில் பதினான்கு கேள்விகள் இருந்தன. எந்தக் கை என்ற கேள்வி இல்லை.

"நீர் தராசில வைச்சு நிறுத்து, பஸ்ஸில எல்லாம் ஓட்டிப் பாத்து வாங்கித் தந்தனீர். அதை என்னெண்டு வேண்டாம் எண்டு சொல்லுறது? வலக்கையாலையே பழகுவம் எண்டு பாத்தன், சாப்பிடக்கூட நேரம் காணேல்லை. நான் வீட்டு மருமகன். இந்த எட்டு மாசத்தில உப்புக் குறைவெண்டுகூட நான் வாய் திறந்ததில்லை."

மேல்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அப்ப உப்புக் குறைவோ தம்பி?"

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பஸ் பிடித்தேன். பியர்பொன்ட்ஸில் பஸ் பிடிப்பதென்றால் முதலில் நிறையக் காத்திருக்கவேண்டும். கடையில் காலையில் இருந்த அதே பெண். பொன்ஜூர் என்று தொடங்கி, நான் நீட்டிய பெட்டியைப் பார்த்துவிட்டு, இதைத்தானே இன்றைக்குத் திருப்பித் தந்தாய் என்று பிரெஞ்சில் கேட்டாள். ஓம், பிழை என்னுடையது என்றேன். அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். என் மஞ்சள் துண்டு உள்ளேயே கிடந்தது. இது என்ன எழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வடிவமே இல்லை என்று எழுதியிருக்கிறது, அதனால்தான் வாங்குகிறேன் என்றேன். அவளுக்கு விளங்கியதா தெரியாது. மெர்சி சொல்லி ஓடிவந்தேன்.

அத்தான் அந்தச் சவர்க்காரக் கட்டியை இடக்கையில் வாங்கி வைத்தார். கை அதன்மேல் அப்படியே படிந்தது. இடக்கைக்குத் தோதாக இரண்டு பொத்தான்களையும் மாற்றிவிடுகிறேன் என்று நான் லப்டொப்பை இழுத்தேன்.

"மாத்தாதையும். இடப்பக்கப் பொத்தானை நான் நடுவிரலாலதான் அமத்திறனான். ஊரில மற்ற ஆக்களும் அதே கொம்பியூட்டரிலயெல்லோ வேலை செய்தவை."

அதன் பிறகு எங்கள் வீட்டில் கேட்டது கிளிக், கிளிக் என்ற சத்தம் மட்டும். நான் புள்ளி குறைத்த அதே சத்தம். வெள்ளி மத்தியானம் அம்மா இடியப்பமும் சொதியும் கொண்டுபோய் வைத்தாள். உப்பு ஒரு கை கூடுதல். அத்தான் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் ஒரு தட்டு முடித்து, இன்னொன்று வாங்கினார். பின்னேரத் தேத்தண்ணி நேரத்துக்கு நாற்பதாம் பக்கம் முடிந்தது.

சனிக்கிழமை பஸ்ஸிலும் மெட்ரோவிலுமாக நானும் கூடவே போனேன். என்னைக் கூப்பிடவில்லை; லப்டொப் என்னுடையது என்று சொல்லிக்கொண்டு போனேன். ஸ்டூடியோக்காரர் அல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். முப்பத்தோராம் பக்கத்தில் நிறுத்தி, "பொம்பிளையின்ரை தாய் நிழலுக்கை நிக்கிறா. இப்ப இதிலை இருந்து வெளிச்சம் குடுத்துக் காட்டும் பாப்பம்" என்று தன் கணினியைக் காட்டினார்.

அந்தக் கணினியின் மௌஸ் வயருள்ளது. வயர் மேசையின் வலப்பக்க ஓரத்தில் டேப்பால் ஒட்டியிருந்தது. அத்தான் ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கறுப்பு மௌஸை எடுத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்தது எனக்கே தெரியாது. சின்னத் துண்டைச் செருகி, இடப்பக்கத்தில் வைத்து, தாயின் முகத்தை நிழலிலிருந்து எடுத்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்குமோ என்னவோ. நான் அளக்கவில்லை.

"இடக்கையோ ஐசே?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"இல்லையண்ணை. வலக்கை சோத்துக்கு."

அவர் விளங்காமல் பார்த்தார். அத்தான் பார்சல் கதையைச் சொன்னார். அவர் சிரிக்கத் தொடங்கி, கதிரையில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப மத்தியானத்திலையும் வேலை நிக்காது எண்டுறீர். செவ்வாய்க்கிழமை வாரும். ஆனா இஞ்சை சாப்பிடுற நேரம் சாப்பிடுறதுதான், கண்டீரோ. இப்பவே தொடங்குவம், கொத்துரொட்டி எடுப்பிச்சிருக்கிறன். பிள்ளையும் இரும்."

அத்தான் மௌஸைத் துடைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பின்பக்கம் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். வலக்கையை மட்டும்.