பச்சை எழுத்துக் கணினியோடு லேப்டாப்பை இணைக்கத் திண்டிவனம் போனேன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை திருச்சியிலிருந்து திண்டிவனம் போய்வந்தேன். கோயில் குளம் பார்க்க அல்ல. அங்கே பம்புசெட், டிராக்டர் உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு கிடங்கு இருக்கிறது. அதன் சரக்கு முழுவதையும் ஒரு மிட்ரேஞ்ச் கணினிதான் நிர்வகிக்கிறது. வீட்டுக் கணினியைவிடப் பெரியது, வங்கிகளின் ராட்சதக் கணினியைவிடச் சிறியது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதற்கு நிரல் எழுதும் ஒரே ஆள் ஜெயமேரி. விழித்திரை நோயால் அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது.

இந்த வலைப்பதிவை யாரோ படித்துக் காட்ட, அவர் எனக்குக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். லேப்டாப்பில் நாம் நிரல் எழுதப் புழங்கும் எடிட்டரை அந்தக் கணினியோடு இணைத்தால், திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கேட்டே வேலை செய்யலாமாம். "முடியுமா சார்? இல்லன்னா மாசக் கடைசில என்னப் பேக்கிங்குக்கு மாத்திடுவாங்க" என்றார். கிளம்பிவிட்டேன்.

காலை 6.10 ரயில், விழுப்புரம் ஜங்ஷனில் 9.05. சுமார் 180 கி.மீ., டிக்கெட் 110 ரூபாய். புதுப் பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய். "திண்டிவனமா? ஜல்தி எறங்குங்க, மெட்ராஸ் வண்டி கெளம்பிக்கினு இருக்குது" என்று ஓட்டுநர் விரட்டினார். ஓடிப்போய் ஏறினேன். 40 கி.மீ., 38 ரூபாய், ஐம்பது நிமிடம். ஜன்னல் வழியாக வாங்கிய அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, 20 ரூபாய். அதுதான் காலைச் சாப்பாடு.

கிடங்கு புதுச்சேரி சாலையில், ஊரைத் தாண்டி மூன்று கி.மீ. பதினோரு மணிக்குப் போனபோது ஜெயமேரி வாசலில் நின்றிருந்தார். கிளியனூரிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறவர். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. பார்வையின் நடுவில் ஒரு காசு அளவுக்குத்தான் தெரிகிறது என்றார்.

பச்சைத் திரையை வாசிப்பு மென்பொருள் சரியாகப் பிரித்துச் சொல்லாது. வரி எண், தலைப்பு, நிரல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். பிறகு எப்படி இத்தனை நாள் ஓட்டினார்? செய்து காட்டினார். திரையைப் பார்க்கவே இல்லை. விரல்கள் மட்டும் போயின. ஒன்பது முறை கீழே, ஒரு 2, என்டர். வேண்டிய நிரல் திறந்தது. இருபது வருட நிரல்கள், எந்தப் பக்கத்தில் எந்த வரி என்பது வரை மனப்பாடம்.

இணைப்புக்காக நான் ஒரு குட்டி நிரல் எழுதினேன். பன்னிரண்டரைக்கு இணைப்பு கிடைத்தது. நிரலைத் திறந்தால் எல்லாமே குப்பை எழுத்து. ஹெட்போனில் கேட்ட ஜெயமேரி சிரித்துவிட்டார். அந்தக் கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் எண்முறை வேறு, லேப்டாப்புடையது வேறு. நடுவில் யார் மாற்றித் தருவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், அந்த செட்டிங்கு 65535ன்னு இருக்குதா பாருங்க. அப்பிடின்னா எதையும் மாத்தாதன்னு அர்த்தம். 37ன்னு போடுங்க. பிரின்டர் வாங்கனப்பவும் இதே பேஜாருதான்."

போட்டேன். வரிகள் ஒழுங்காக வந்து நின்றன. வாசிப்புக் குரல் தொடங்கியது. ஜெயமேரி போனில் இந்தக் குரலோடு ரெண்டு வருடம் பழகியவராம். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகம். அவர் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். "இது நான் எழுதுனதா!" என்றார் மெதுவாக.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். பக்கத்திலேயே நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். பேச்சில் நெளிவு கிடையாது. "மோட்டார் சீலு எல்லாத்தையும் நாலாம் ரேக்குலர்ந்து பதினொண்ணுக்கு மாத்திட்டோம். சரக்கு எடுக்கற ஸ்லிப்பு இன்னும் நாலுன்னே வருது. பசங்க தேடிக்கினு கெடக்கறாங்க. இத மேரியே சரி பண்ணட்டும், பாக்கலாம்."

எந்தச் சரக்கு எந்த ரேக்கில் என்பது நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. நான் கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். அவர் தேடி, கேட்டு, மாற்றி, எடிட்டரிலிருந்தே கம்பைல் செய்தார், அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றினார். பிழை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் இப்போது எடிட்டரே பிழையுள்ள வரிக்குப் போய் நின்றது. குரல் அதை வாசித்தது. "மேற்கோள் குறி ஒண்ணு உட்டுட்டேன்" என்று சேர்த்தார். மறுபடி கம்பைல். இம்முறை பிழையில்லாமல் முடிந்தது.

உள்ளே பிரின்டர் ஓடும் சத்தம். அப்புறம் பேக்கிங்கிலிருந்து ஒரு பெண் குரல்: "அண்ணே, பதினொண்ணுன்னு வந்துட்சி!"

"பேக்கிங்குக்கு வேற ஆளப் பாத்துக்கறேன், மேரி" என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போய்விட்டார். ஜெயமேரி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: முதலில் நிரல்களை நகலெடுத்துவிடுங்கள். பழைய பச்சைத் திரையை மூடிவிடாதீர்கள், ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். குப்பை எழுத்து வந்தால் பதறாமல் அந்த எண்ணைப் பாருங்கள். நல்ல ஹெட்போன் ஒன்று கொண்டுபோங்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாலையில் பேருந்து நிரம்பித்தான் வரும். எல்லாவற்றுக்கும் மேல், விசைப்பலகையைத் தொடும் முன் அந்தக் கணினியோடு இருக்கிற ஆளிடம் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ரயில் விருத்தாசலம் தாண்டும்போது ஜெயமேரியிடமிருந்து போன் வந்தது.

"சார், இணைப்புக்குன்னு நீங்க ஒண்ணு எழுதி வெச்சிட்டுப் போனீங்களே, அதயும் கேட்டுப் பாத்தேன். பதினேழாவது வரி தப்புங்க சார். நானே திருத்திட்டேன்."