கேட்காமல் தூக்கிய கை

டிவியில் அமெரிக்க அதிபரின் பதவிநீக்க விசாரணை ஓடிக்கொண்டிருந்தது. வாதம் தொடங்குமுன்பே, தீர்ப்பளிக்க வேண்டிய செனட்டர்கள் பலர் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். “கேக்காமலேயே முடிவு பண்றதுக்கு எதுக்கு விசாரணை?” என்று கணவரிடம் கொதித்தேன்.

அந்த வாரமே எங்கள் ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் குடியிருப்புத் தமிழர் குழு கூடியது. பொங்கல் கோலப்போட்டியில் தன் மகளுக்கே முதல் பரிசு கொடுத்துவிட்டார் என்று தலைவி மாலதி மீது புகார். பதில் சொல்ல அவர் ஒரு காகிதத்துடன் எழுந்தார்.

“எதுக்குங்க டைம் வேஸ்ட் பண்ணணும்? டிசைட் பண்ணிட்டுத்தானே வந்திருக்கோம். தலைவியா மாலதி வேணாங்கறவங்க கை தூக்குங்க,” என்றார் செயலாளர். எல்லோரும் தூக்கினார்கள். தனியாகத் தெரியக் கூசி நானும் தூக்கினேன்.

“அக்கா, நான் இன்னும் பேசவே இல்லையே!” என்றார் மாலதி என்னிடம்.

செனட்டர்கள் மீது எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. ஆனால் அவர்களாவது இரு தரப்பையும் உட்கார்ந்து கேட்டார்கள். நான் மாலதியின் ஒரு வரியைக்கூடக் கேட்காமல் அவரை அனுப்பிவிட்டேன்.