பக்கத்து வீட்டுத் துவக்கு

வெம்பிளியில் வீடு வாங்கி ஆறு வருடமாகியும், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஞாயிறு காலைகளில் காரில் ஏற்றும் நீளப் பையைத் தூண்டில் பை என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் மீன் ஏதும் அகப்பட்டதா என்று கேட்டேன். அவர் சிரித்து, உள்ளே இருப்பது இரட்டைக் குழல் துவக்கு என்றார். மூன்று வீடு தள்ளிச் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்.

பயந்தால் வாயை மூடுகிற ஆள் நானில்லை. பயந்தால்தான் எனக்குக் கேள்விகள் கூடுதலாக வரும். வேலியடியில் நின்று துருவித் துருவிக் கேட்டேன். பள்ளிக்கூடத்தைத் தாண்டி இதைக் கொண்டுபோகலாமா? போகலாம், தோட்டா போடாமல், உறைக்குள் வைத்து, சுடுகிற மைதானத்துக்குப் போவதென்றால். சும்மா தெருமுனை வரைக்கும்? கூடாது, தகுந்த காரணம் வேண்டும். மைதானத்தில் எதைச் சுடுவீர்கள்? மேலே எறிகிற களிமண் தட்டுகளை. வீட்டில் எங்கே வைப்பீர்கள்? சுவரோடு இறுக்கிய இரும்பு அலுமாரியில். அதன் சாவி இருக்கும் இடம் மனைவிக்குக்கூடத் தெரியக்கூடாதாம். பக்கத்தில் நின்ற மனைவி, தான் தேடிக் களைத்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

ஊரில் பள்ளிக்கூட வாசலிலேயே சீருடை போட்ட ஆமி துவக்கோடு நிற்கும். ஏன் என்று கேட்க எங்களுக்கு வாயில்லை. இங்கே துவக்கு வைத்திருப்பவரிடம் காரணம் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

போன மாசியில் அந்த மனைவி இறந்துபோனார். சில கிழமை கழித்து அந்த வெள்ளைக்காரரின் துவக்கு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டி வந்தது. தன்னை நன்றாகத் தெரிந்தவர் என்று என் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்டார். நான் சம்மதித்ததை அறிந்து என் கணவர் கொதித்துப்போனார்.

"எங்கட பேரைத் துவக்குப் பேப்பரில எழுதிறதோ? அகதி வழக்குக்கு எத்தினை வருசம் அலைஞ்சனாங்கள்? பொலிஸ் கேட்டால் தெரியாது எண்டு சொல்லும்."

தெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான பதில். சீருடை எதைக் கேட்டாலும் அதுதான். அண்ணை எங்கே? தெரியாது. நேற்று யார் வந்தது? தெரியாது. அந்தச் சொல்லைச் சொல்லித்தான் உயிரோடு வந்து சேர்ந்தோம்.

ஒரு பெண் பொலிஸ் எனக்குப் போன் எடுத்தார். எத்தனை வருடப் பழக்கம், வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், "அண்மையில் அவரில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா?" என்றார்.

அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பகலிலும் திரை விலக்காத அவருடைய யன்னல் எனக்குத் தெரியும். இனி எதற்கு எழும்புவது என்று அவர் வேலியடியில் சொன்னதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான் அவருக்கு மிச்சம் என்பதும் தெரியும். நான் வாய் திறந்தால் அதுவும் போய்விடும்.

"தெரியும்," என்றேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

இரண்டாம் நாள் பொலிஸ் வந்து துவக்கை எடுத்துக்கொண்டு போனது. திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்; காட்டிக்கொடுத்தவளைப் போல வெட்கமாக இருந்தது. பின்னேரம் அவரே வந்து கதவைத் தட்டினார்.

"நீங்கள்தானே சொன்னீர்கள்?"

ஓம் என்று தலையாட்டினேன்.

"தினமும் விடிந்ததும் சாவியோடு அந்தத் துவக்கு அலுமாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன்," என்றார். "நாளைக்கு உட்காரத் தேவையில்லை."

என் கணவர்தான் எழும்பிப் போய், அவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.